பாரிஸ்ல மெனு கார்டே இல்லாத ஃப்ரெஞ்ச் ரெஸ்டாரண்ட், எங்களுக்கு ஒத்து வருமா?

கீழக்கரை லாத்தா
எல்லாருக்கும் சலாம், வணக்கம். நவம்பர்ல நானும் வீட்டுக்காரரும் பாரிஸ்ல இருக்குற தம்பி வீட்டுக்குப் போறோம். எங்க கல்யாண நாளுக்குன்னு அவன் ஒரு சின்ன ரெஸ்டாரண்ட்ல டேபிள் புக் பண்ணிருக்கான், மொத்தமே இருபது பேர்தான் உக்கார முடியுமாம், மெனு கார்டு கிடையாது, அந்த சீசன்ல என்ன கிடைக்குதோ அதை வச்சு ஏழெட்டு கோர்ஸ் செஃப்பே முடிவு பண்ணி அனுப்புவாராம். நாங்க பன்றி தொடமாட்டோம், ஒயின் எதுலயும் சேரக்கூடாது, கறின்னா ஹலால் மட்டும்தான். மீன், நண்டு, கணவாய் எதுன்னாலும் ஓகே. அங்க போயி தட்டைத் தள்ளி வச்சா தம்பி மனசு கஷ்டப்படும், அதான் முன்னாடியே கேக்குறேன்.

பாம்பன் காத்து
லாத்தா, நான் பாண்டிச்சேரில ஃப்ரெஞ்ச் கிச்சன்ல வேலை பார்த்தவன். தம்பிய இன்னைக்கே அவங்களுக்கு மெயில் போடச் சொல்லுங்க. சின்ன கிச்சன்ல ஸ்டாக் (எலும்பு, காய் எல்லாம் வேக வச்சு எடுக்குற சாறு), சாஸ் எல்லாம் காலைலயே ரெடியாகிரும், டேபிள்ல உக்காந்துட்டு சொன்னா அவங்களால ஒண்ணும் மாத்த முடியாது, முன்னாடியே சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி சாமான் வாங்குவாங்க. பன்றி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது. மீனுக்கு ஊத்துற பேர் ப்ளான் சாஸே வெள்ளை ஒயினும் வினிகரும் சின்ன வெங்காயமும் போட்டு சுண்ட வச்சு அதுல வெண்ணெய அடிச்சுதான் செய்வாங்க, கொதிச்சா ஆல்கஹால் முழுசா போயிரும்னு சொல்றதும் சரி இல்ல, கொஞ்சம் நிக்கும். சில ஸ்வீட்ல கெட்டியாகுறதுக்குப் போடுற ஜெலட்டின் இருக்கும், அது அங்க பெரும்பாலும் பன்றிலருந்து எடுக்குறது. நவம்பர் அங்க வேட்டைக்கறி சீசன் வேற, மான், காட்டுப்பன்றி எல்லாம் தட்டுக்கு வரும். அதனால "எல்லா கோர்ஸும் மீன், காய்கறி, ஒயின் இல்லாம, ஜெலட்டின் இல்லாம முடியுமா"ன்னு நேரா கேக்கச் சொல்லுங்க. முடியாதுன்னு பதில் வந்தா வேற இடம் பாக்க டைம் இருக்கு.

மண்டபம் வடகடல்
எதுக்குங்க இவ்ளோ செலவு? போட் கரைக்கு வர்ற அன்னைக்கு இங்க வந்தா ஓலைக்கூடைல துள்ளத் துள்ள மீன் கிடைக்கும். நம்ம கடல் நண்டைத்தான் கம்பெனிக்காரங்க சதை எடுத்து வெளிநாட்டுக்கு ஏத்துறாங்க, நம்ம பிள்ளைகளுக்கு நல்ல நண்டு கிடைக்க மாட்டேங்குது. அந்த ஆதங்கத்துல சொல்றேன், தப்பா எடுக்காதீங்க.

தொண்டி பொண்ணு
அண்ணே, உங்க ஆதங்கம் நியாயம்தான், ஆனா லாத்தா கேட்டது வேற. நான் பாரிஸ்ல இந்த மாதிரி இடத்துல சாப்பிட்டிருக்கேன். லாத்தா, நவம்பர்ல போறது நல்ல நேரம். கொக்கீ சான் ழாக்னு ஒரு பெரிய சிப்பி, அக்டோபர் 1ல இருந்து மே 15 வரைக்கும்தான் அங்க பிடிக்க விடுவாங்க, நம்மூர்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் போடுறாங்கல்ல, அது மாதிரி. எனக்கு வந்த தட்டுல ரெண்டே ரெண்டு சிப்பிதான், மேல பழுப்பா முறுகி, கத்தி வச்சா நடுவுல கண்ணாடி மாதிரி அரைவேக்காடா இருந்துச்சு, உப்பும் வெண்ணெயும் தவிர ஒண்ணும் தெரியல, ஆனா அதோட இனிப்பு இன்னும் நாக்குல இருக்கு. நம்ம வீட்டுக் குழம்பை நெனச்சுட்டுப் போனா ஏமாத்தமா இருக்கும், காரம் சுத்தமா கிடையாது. மீனும் நடுவுல கொஞ்சம் வேகாத மாதிரிதான் தெரியும், நல்லா வேகணும்னா முதல்லயே சொல்லிருங்க. மூணு மணி நேரம் ஆகும், ரொட்டிய ஆரம்பத்துலயே தின்னு வயித்த ரொப்பிராதீங்க. தண்ணிக்கு "கராஃப் தோ"ன்னு கேளுங்க, குழாத் தண்ணி ஃப்ரீயா குடுத்தாகணும், அது அங்க சட்டம். சர்வீஸ் சார்ஜும் பில்லுலயே சேந்திருக்கும், டிப்ஸ் கட்டாயம் இல்ல.

கீழக்கரை லாத்தா
அல்லாஹ் உங்களுக்கெல்லாம் நல்லது செய்யட்டும். தம்பி மெயில் போட்டான், மீன், காய்கறி மட்டும் வச்சு தனியா பண்ணித் தர்றோம், ஒயினுக்குப் பதிலா எலுமிச்சை சேக்குறோம்னு பதில் வந்துருச்சு. பச்சையா சிப்பி வச்சா வேணாம்னு சொல்லலாமா?

பாம்பன் காத்து
தாராளமா சொல்லலாம், அதையும் இப்பவே எழுதிருங்க. இன்னொண்ணு, புக்கிங்குக்கு கார்டு நம்பர் வாங்கிருந்தாங்கன்னா எத்தன நாளைக்கு முன்னாடி கேன்சல் பண்ணலாம்னு பாத்து வைங்க, சொல்லாம போகாம இருந்தா பணம் எடுத்துருவாங்க.