லைசென்ஸ் ரத்தாகிவிட்டது, திரும்ப வாங்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவன் நான். பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போவதுதான் தொழில்.

குடித்துவிட்டு ஓட்டி இரண்டு தடவை பிடிபட்டேன். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். அப்போதே திருந்தியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஊதச் சொன்னார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, நான் அதை எப்போதோ தாண்டியிருந்தேன். 15,000 கட்டினேன், லைசென்ஸையே ரத்து செய்துவிட்டார்கள். தண்டனையைக் குறை சொல்லவில்லை. அன்று பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. மதுரையில் சிகிச்சை எடுத்தேன். இப்போது அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், வருமானம் போதவில்லை.

ரத்து உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்கலாம். அன்றிருந்த நிலையில் அந்தக் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சரி, இனி எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? எவ்வளவு காலம் கழித்து விண்ணப்பிக்கலாம்? ஓட்டுநர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்களா, சிவகங்கை மாவட்டத்தில் அந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது? சிகிச்சை முடித்த கடிதத்தை மனுவோடு வைத்தால் உதவுமா?

புரோக்கர் வழி வேண்டாம், நேர் வழியில்தான் வாங்க வேண்டும். இதே நிலையிலிருந்து மீண்டவர்கள், இந்த வழக்குகள் பார்க்கும் வக்கீல்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வெளியே சொல்லத் தயங்குபவர்கள் தனியாகச் செய்தி அனுப்பினாலும் போதும்.