வேப்பெண்ணெய் அடித்தும் மாவுப்பூச்சி போகவில்லை, இலைதான் கருகியது. என்ன தவறு?

கேட்பவர் (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை காரைக்குடியில். செடிகள் இருப்பது கானாடுகாத்தானில், அம்மா வீட்டில். சனிக்கிழமை மாலை போய்த் திங்கள் காலை திரும்புவேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. ஆகவே வாரத்துக்கு இரண்டு மாலைக்குள் முடிகிற வழியாக வேண்டும்.

கிணற்றடியில் நான்கு செம்பருத்தி, ஒரு பப்பாளி. மாடியில் தொட்டிகளில் மிளகாயும் கத்தரியும். செம்பருத்தியின் மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி. போன ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு லிட்டர் போர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் துணி சோப்பும் கரைத்து அடித்தேன். இந்த வாரம் வந்து பார்த்தால் இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி இருக்கிறது, பூச்சி அப்படியே இருக்கிறது. ஸ்பிரேயர் மூக்கும் அடைத்துக்கொண்டது. உள்ளே தயிர் திரிந்தாற்போல வெள்ளைத் திப்பி.

இன்னொன்று. மாடியில் புதிதாக நட்ட கத்தரி நாற்று எட்டில் நான்கு உச்சி வெயிலில் துவண்டு போய்விட்டது. விதைக்கடையில் ஒரு மருந்து பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் முடிந்துவிடும் என்கிறார்கள். சமையலுக்குப் பறிக்கிற செடி, அடிக்க மனம் வரவில்லை.

பதில் (தேவகோட்டை)

அந்தத் திப்பியில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்க வேண்டும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துவிடும். சோப்பு திரிந்தால் எண்ணெய் தண்ணீரோடு சேராது, மேலே மிதக்கும். ஸ்பிரேயர் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் எண்ணெயாகவே வரும். கடைசியாக அடித்த செடிதான் அதிகம் கருகியிருக்குமா? பார்த்துச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்குங்கள். கடினத் தண்ணீரிலும் அது நுரைக்கும். ஐந்தாறு கொட்டையின் தோலை ஒரு டம்ளர் வெந்நீரில் இரவு ஊறப்போட்டுப் பிசைந்து வடிகட்டினால் போதும். அந்தச் சாற்றில் 5 மில்லி எண்ணெயை முதலில் விட்டு, பால் போல வெளுக்கும் வரை நன்றாக அடித்துக் கலக்குங்கள். அப்புறம்தான் ஒரு லிட்டருக்குத் தண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், அடிக்கும்போதும் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். காலை பத்து மணிக்கு எண்ணெய் பூசிய இலை சித்திரை வெயிலைத் தாங்காது.

கேட்பவர்

நீங்கள் சொன்னது அப்படியே சரி! முதலில் அடித்தது பப்பாளி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக அடித்த செம்பருத்திதான் மோசம். முற்றத்து மூலையில் மழைத்தண்ணீர் பிடிக்கிற அண்டா இருக்கிறது, அதில் நன்றாகக் கலந்திருக்கும். இப்போது அடியோடு காலி. பூந்திக்கொட்டையே வாங்குகிறேன்.

பதில் (பள்ளத்தூர்)

எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தீர்களா தங்கச்சி? மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். பொறிவண்டு தின்ன வந்தால் விரட்டிவிடும். எறும்பை நிறுத்தாமல் எத்தனை தடவை அடித்தாலும் திரும்ப வரும். தண்டில் பழைய துணியை நான்கு விரல் அகலத்துக்குச் சுற்றிக் கட்டி, துணியின் மேல் விளக்கெண்ணெய் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவ வேண்டாம். சுவரைத் தொடுகிற கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள், எறும்புக்கு அது பாலம். பஞ்சு அடர்ந்த நுனிகளை நறுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். குப்பையில் போட்டால் ஊர்ந்து வந்துவிடும்.

அந்தக் கடை பாட்டிலைத் தொடவே வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிரை நாசம் பண்ணியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட பொடிக் குளவிதான் அதை அடக்கியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி அது. மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, குளவிக்கு அதுவும் இல்லை. கடும் மருந்தில் முதலில் சாவது குளவிதான்.

பதில் (கண்டனூர்)

நாற்றுக்கு நான் சொல்கிறேன். வீட்டில் பிய்ந்துபோன பனையோலைக் கொட்டான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நட்ட நாற்றின் மேல் கவிழ்த்து, ஒரு பக்கம் குச்சி கொடுத்துத் தூக்கி வையுங்கள், காற்று போகும். மேலே ஒரு கல். காலை பத்திலிருந்து நாலு வரைக்கும் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். எடுத்து வைப்பதற்கு அம்மா குனிய வேண்டியதில்லை, தொட்டி உயரம்தானே.

தொட்டியைத் தட்டோட்டின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள். தேங்காய் மட்டையை இரவு ஊறவைத்துத் தண்டைத் தொடாமல் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். இனி நடுவதானால் சாயங்காலம் நடுங்கள்.

கேட்பவர் (மூன்று வாரம் கழித்து)

பூந்திக்கொட்டைக் கலவை நிஜமாகவே பால் போல வந்தது, மூக்கு அடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் மூன்று தடவை அடித்தேன். ஒரு தடவைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. துணி கட்டிய அன்றைக்கே எறும்புகள் அதுவரை ஏறி வந்து, விளிம்பில் நின்று, திரும்பி இறங்கியதை நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று செம்பருத்தியில் புதுத் துளிர் சுத்தமாக இருக்கிறது. நாலாவதில் மதில் மேல் சாய்ந்திருந்த ஒரு கிளையை விட்டுவிட்டேன், அதில் மட்டும் இன்னும் வெள்ளை. நேற்று வெட்டினேன். மிச்ச நான்கு நாற்றும் கொட்டானுக்குள் பிழைத்துவிட்டது. அம்மாவே காலையில் கவிழ்த்து மாலையில் எடுக்கிறார்.

இப்போது ஒரு மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது. இதுவும் அதேதானா?

பதில் (தேவகோட்டை)

மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டுங்கள். பொடிசாக, நீளமாக ஓடினால் இலைப்பேன்தான், இதே கலவை போதும்.

கேட்பவர்

மேல்நோக்கித்தான் சுருண்டிருக்கிறது. சனிக்கிழமை தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.