கார் பேப்பரில் எழுதியிருக்கும் காபனீரொட்சைட்டுக் கணக்கு

கல்லடிப் பாலத்தடி:
ஜப்பானில் இருந்து வந்த சுசுக்கி வாகன்ஆர் ஹைபிரிட் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர் ஓடும் என்று பேப்பரில் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் வேறு கதை சொல்கிறான். அங்கே கிலோமீற்றருக்கு 93.6 கிராம் காபனீரொட்சைட்டுதான் எல்லையாம், தாண்டினால் தண்டமாம். ஆனால் அவனுடைய புதுக் கார் 120க்கு மேலே! அதை எப்படி விற்க விட்டார்கள்? நம்முடைய புகை டெஸ்டில் இந்தக் கணக்கே வருவதில்லையே, ஏன்?

கல்முனை கராஜ்:
தம்பி, புகை டெஸ்ட் பார்க்கிறது வேறு சாமான். பெற்றோல் காருக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசலுக்குக் கரும்புகை. சரியாக எரியாததால் வருகிறவை, பிளக், ஃபில்டர் மாற்றினாலே இறங்கும். காபனீரொட்சைட்டு எஞ்சின் நல்லாக எரித்தாலும் வரும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ, அதில் தப்ப முடியாது. குறைவாக எரித்தால் மட்டும் குறையும்.

நீங்கள் சொல்லும் 33.4க்கு கிலோமீற்றருக்கு 69 கிராம் வரும். ஆனால் அது ஜப்பானின் ஜேசீ08 டெஸ்ட், காரை ரோலரில் ஏற்றி ஓட்டுவது. கச்சான் காற்று வீசும் வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, கல்முனை ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போய்ப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் 20ஐ ஒட்டித்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் 115 கிராம். 2016இல் மிட்சுபிஷியே தன் சின்னக் கார்களின் எண்ணெய்க் கணக்கைத் திருத்திக் காட்டியதை ஒத்துக்கொண்டதே!

களுவாஞ்சிக்குடி அக்கா:
மச்சானுடைய காரில் பிழையில்லை. 93.6 ஒவ்வொரு காருக்குமான எல்லை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் ஒரு வருடத்தில் பதிவாகும் புதுக் கார்களின் சராசரி, 2025இல் இருந்து நடைமுறை. அதிலும் ஒவ்வொரு கம்பனிக்கும் அதன் கார்களின் சராசரி எடையைப் பார்த்துத் தனி இலக்கு. மின்சாரக் கார் 0 என்று சேருவதால் பெரிய கார்களும் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். கூடினால் ஒரு கிராமுக்கு, ஒரு காருக்கு 95 யூரோ. லட்சம் கார் விற்ற கம்பனி ஒரே ஒரு கிராம் தாண்டினாலும் 95 லட்சம் யூரோ! அதனால்தான் 2019இல் ஃபியட் கிரைஸ்லர், மின்சாரக் கார் மட்டும் விற்கும் டெஸ்லாவோடு கூட்டுக் கணக்கு வைத்தது. பிறகு கம்பனிகள் நெருக்கியதில், 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்தையும் சேர்த்துச் சராசரி பார்க்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

மோசமானது பிளக்-இன் ஹைபிரிட், அதாவது சார்ஜ் போட்டும் பெற்றோல் அடித்தும் ஓட்டக்கூடிய கார். ரோட்டில் அவை விடுவது டெஸ்டில் காட்டியதைப்போல மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணைக்குழுவே 2024இல் சொன்னது. ஆட்கள் சார்ஜ் போடாமல் பெற்றோலில் ஓட்டுகிறார்கள்.

கல்லடிப் பாலத்தடி:
நன்றி அக்கா. மின்சாரக் கார் 0 என்றால் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிக்கும் நிலக்கரி எந்தக் கணக்கில்?

களுவாஞ்சிக்குடி அக்கா:
இந்தக் கணக்கில் வராது தம்பி, சைலன்சரில் வருவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். மின்நிலையத்துக்கு வேறு சட்டம்.

கல்முனை கராஜ்:
முற்பணம் கொடுக்க முதல் காரை ஒருக்கால் கொண்டு வாங்க. பற்றரியைப் பார்த்துச் சொல்கிறேன்.