செஃபலூவில் ஒன்பது நாள்: அம்மாவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

மியூனிக்வாசி:

மத்தியதரைக் கடலோரம் விடுமுறைக்குப் போய் வந்தவர்கள் அங்கே பழகிய மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இடங்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்களே. முதலில் என் கதை.

போன செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு சிசிலித் தீவில் இருக்கும் செஃபலூவுக்குப் போனேன். பலேர்மோவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள், கால் வைக்க இடம் இருக்காது. செப்டம்பர் நடுவில் பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் கரைந்துவிடும். கடல் மட்டும் கோடையின் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

அம்மாவுக்கு 68 வயது, திருச்சி. ரயிலை விட்டு இறங்கியதும் ஊருக்குப் பின்னால் நிற்கிற பாறையை அண்ணாந்து பார்த்தார். "மலைக்கோட்டை மாதிரியே இருக்கே. மேல யாரு, பிள்ளையாரா?" என்றார். பாறை 270 மீட்டர், நம் மலைக்கோட்டையைப் போல மூன்று மடங்கு. கிரேக்கத்தில் தலைக்கு 'கெஃபலே' என்று பெயர், தலை மாதிரி நிற்கிற இந்தப் பாறையால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். மேலே போகிற வழியில் டயானா கோயில் என்று மிகப் பழைய கல் கட்டடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். "அப்போ அம்மன்தான்" என்று முடித்துவிட்டார்.

என் தொழில் திட்ட மேலாண்மை. ஒன்பது நாளுக்கும் எக்செல்லில் அட்டவணை போட்டிருந்தேன், நிறம் நிறமாக. முதல் நாள் மதியம் ஒன்றரைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்தது. காய்கறிக் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை எல்லாமே. நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்களாம். நான் புலம்பினேன். "நடை சாத்துற நேரத்துல வந்து கதவைத் தட்டினா யார் திறப்பா? வந்து படு" என்றார் அம்மா. அவருக்கு அந்த ஊர் முதல் நாளே பிடிபட்டுவிட்டது. எனக்கு நாலைந்து நாள் ஆயிற்று.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிசிலியில் வெயில் காலத்தில் காலை உணவே கிரானிட்டாதான். பாதாம், எலுமிச்சை, காப்பி என்று பல சுவைகள். ஐஸை நொறுக்கிச் சாறு ஊற்றிய பண்டம் இல்லை, கிளறிக் கிளறி உறைய வைப்பதால் ஈர மணல் மாதிரி இருக்கும். கூடவே பிரியோஷ் என்ற மெத்து பன். அதன் தலையில் சின்ன உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். அம்மா பன்னை நடுவில் பிய்க்கப் போனார். கடைக்காரர் கவுண்டருக்குப் பின்னாலிருந்து "நோ நோ நோ" என்று ஓடி வந்தார். முதலில் உருண்டையைக் கிள்ளி ஐஸில் தொட வேண்டும், அதுதான் முறை. உருண்டையைக் காட்டி "துப்போ" என்றார், அப்புறம் அம்மாவின் பின்தலையைக் காட்டி மறுபடி "துப்போ" என்றார். கொண்டை! சிசிலியர்கள் கொண்டையைத்தான் துப்போ என்பார்களாம். அம்மா தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்தக் குட்டிக் கொண்டையைச் சாப்பிட்டார். அதற்கப்புறம் தினமும் அந்தக் கடைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் வாங்கும் கடற்கரைப் பகுதியில் குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை வரிசையாகப் போட்டிருப்பார்கள். முன் வரிசைக்கு விலை கூடுதல். கொஞ்சம் தள்ளி யார் வேண்டுமானாலும் உட்காரலாம், இலவசம். அங்கே ஒரு பாட்டி தினமும் காலை எட்டரைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். கணுக்கால் நனைகிற ஆழத்தில் நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்து உட்காருவார். பத்தரை வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நம் ஊர்க் கடலில் இது நடக்காது, அலை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே ஏற்ற இறக்கம் ஒரு முழத்துக்குள்தான், அலையில்லாத நாளில் தண்ணீர் தொட்டி மாதிரி கிடக்கும். போட்ட நாற்காலி போட்ட இடத்தில் இருக்கும்.

இரண்டாம் நாள் அம்மா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாம் நாள் பாட்டி இரண்டு நாற்காலி கொண்டுவந்தார்.

இவர் தமிழில் பேசுவார், அவர் சிசிலியனில் பேசுவார். இடையில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டப் போனேன், இரண்டு பேரும் ஒரே மாதிரி கையை உதறி என்னை விரட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உறையூர்த் திண்ணை. கேட்டால் அம்மா எனக்குத் தகவல் சொல்வார்: மூத்த மகன் வடக்கே வேலை பார்க்கிறான், மருமகளோடு ஒத்துப்போகவில்லை, முட்டியில் ஊசி போட்டிருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், "முட்டியைக் காட்டினா தெரியாதா?" மருமகள் விஷயத்தை எதைக் காட்டிச் சொன்னாரோ.

நாலாம் நாள் பாட்டி ஒரு கூடையில் சப்பாத்திக்கள்ளிப் பழம் கொண்டுவந்தார். மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு. அம்மா சின்ன வயதில் வேலியோரம் பறித்துத் தின்று நாக்கெல்லாம் சிவந்தவர். இங்கே சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதே அவருக்கு ஆச்சரியம். பாட்டி முள்கரண்டியால் பழத்தைக் குத்தி நிறுத்தி, மேலும் கீழும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுத் தோலை இரண்டு பக்கமும் கதவு மாதிரி திறந்தார். கையில் ஒரு முள் ஏறவில்லை. அப்புறம் பழத்தைக் காட்டி "ஃபிகோ திந்தியா" என்றார், அம்மாவைக் காட்டி "இந்தியா!" என்றார். இத்தாலிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் இந்திய அத்தி. செடி உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்தது, கொலம்பஸ் போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று நினைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். நான் அதை விளக்க வாயைத் திறந்தேன். "சும்மா இருடா, அவங்க ஆசையா சொல்றாங்க" என்றார் அம்மா.

ஐந்தாம் நாள் மாலை பாட்டியே அம்மாவைக் கையைப் பிடித்துப் பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால் நடந்தேன். 1131இல் சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் தொடங்கிய கட்டடம். கடலில் புயலில் சிக்கி, கரை சேர்ந்தால் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்பது ஊரில் சொல்கிற கதை. அம்மாவிடம் "நேர்த்திக்கடன்" என்றேன், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உள்ளே பீடத்துக்கு மேல் வளைந்த சுவர் முழுக்கத் தங்க மொசைக்கில் ஒரு பெரிய கிறிஸ்து. கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன். ரோஜர் தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று கல் பேழையெல்லாம் செய்து வைத்தார். கடைசியில் அவரைப் புதைத்தது பலேர்மோவில். பேழைகளையும் பிற்பாடு அங்கேயே கொண்டுபோய்விட்டார்கள்.

அட்டவணையில் நான் உருப்படியாக முடித்தது மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகம் ஒன்றுதான். எல்லாரும் அங்கே அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனா வரைந்த, குறும்பாகச் சிரிக்கிற முகத்தைப் பார்க்கத்தான் போவார்கள். எனக்குப் பிடித்தது ஒரு மண் ஜாடி. கி.மு. 4ஆம் நூற்றாண்டு. மீன்காரர் பெரிய கத்தியோடு சூரை மீனைத் துண்டு போடுகிறார், எதிரில் ஒரு கிழவர் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், விலை ஒத்துவரவில்லை.

பாறை மேல் ஏறவில்லை. எட்டாம் நாள் காலை ஏறுவதாகத் திட்டம். அன்றைக்கு நானும் ஒரு நாற்காலி வாங்கி அவர்கள் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

பாரிஸ்காரி:

வாசிக்க வடிவாக இருந்தது. நான் யாழ்ப்பாணம், இருப்பது பாரிஸ் புறநகரில். நீங்கள் பலேர்மோவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள், இறங்கியிருந்தால் தமிழ் கேட்டிருக்கும். எண்பதுகளில் இருந்தே எங்கள் சனம் அங்கே இருக்கிறது. பலாரோ சந்தைப் பக்கம் போனால் கறிவேப்பிலையும் கருவாடும் வாங்கலாம்.

என் சித்தி குடும்பம் அங்கேதான். ஒவ்வொரு கோடைக்கும் போவோம். போனால் முதல் ஞாயிறு பெல்லெக்ரினோ மலைக்கு ஏற வேண்டும், அது சித்தியின் சட்டம். அங்கே குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில். 1624இல் பலேர்மோவில் கொள்ளைநோய் வந்தபோது இவரின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊரைச் சுற்றிக் கொண்டுபோனதால் நோய் விட்டது என்பது அந்த ஊர் நம்பிக்கை. குகைக் கூரையில் இருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க மேலே உலோக வாய்க்கால்கள் பின்னிப் பின்னிப் போட்டிருப்பார்கள். தமிழரில் வேதக்காரரும் (கிறிஸ்தவர்கள்) வருவார்கள், சைவக்காரரும் வருவார்கள். சித்தி திருநீறு பூசிக்கொண்டுதான் மெழுகுதிரி கொளுத்துவா.

கோயில் வழியில் மெழுகுதிரி விற்கும் ஒரு சிசிலிக் கிழவர். நான் இத்தாலியன் தெரியாமல் விரலைக் காட்டி எவ்வளவு என்று கேட்டேன். "மூண்டு" என்றார். ஐந்து யூரோவைக் கொடுத்தேன். "ரெண்டு மிச்சம், பிள்ளை" என்று தந்தார். பாரிஸில் பிறந்த என் மகன் அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டான்.

செஃபலூவுக்கும் ஒரு நாள் கடல் குளிக்கப் போனோம். சித்தி சோறு, மீன்குழம்பு, ஒரு வாளி நிறைய. வெட்கமாக இருந்தது எனக்கு. பார்த்தால் பக்கத்துச் சிசிலிக் குடும்பம் ஓவனில் சுட்ட மக்கரோனியை அண்டாத் தட்டோடு கொண்டுவந்து மணலில் வைத்திருக்கிறது. அரைமணி நேரத்தில் தட்டுகள் இடம் மாறின. அவர்களின் சின்னப் பையன் குழம்பு உறைத்து அழுதான், பிறகு திரும்பவும் கேட்டான்.

ஸ்டட்கார்ட் தம்பி:

என் அனுபவம் கொஞ்சம் கசப்பு. வாடகை கார் எடுத்துக்கொண்டு செஃபலூ போனேன். வழிகாட்டிச் செயலி சொன்னபடி பழைய ஊருக்குள் திரும்பிவிட்டேன். இத்தாலியில் பழைய நகரங்களுக்குள் வெளியார் வண்டி போகக் கூடாத பகுதி உண்டு, வாசலில் பலகையும் கேமராவும் இருக்கும். 'இஸட்.டி.எல்.' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன், ஏதோ பேருந்து நிறுத்தம் என்று நினைத்தேன். வழி தெரியாமல் சுற்றியதில் ஒரே இரவில் இரண்டு முறை நுழைந்திருக்கிறேன். நாலு மாதம் கழித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு இரண்டு வந்தது. கார்க்காரர்கள் என் முகவரியைக் கொடுத்ததற்கு அதற்கு முன்பே தனியாகக் காசு பிடித்துவிட்டார்கள். தப்பு என்மேல்தான். ரயிலிலேயே போங்கள்.

மனிதர் என்றால், அன்று இரவு சந்துக்குள் மாட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் நின்றபோது மாடியிலிருந்து இரவு உடையோடு ஒருவர் இறங்கி வந்து, என்னைக் கீழே இறக்கிவிட்டு, தானே காரைப் பின்னால் எடுத்து வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி. ஒரு கீறல் இல்லை.

கோவைக்காரர்:

நான் ஓய்வுபெற்றவன். சைவம். மகனோடு கிரீஸில் நாஃப்ப்ளியோ போயிருந்தேன். சுதந்திரம் வாங்கிய புதிதில் ஏதென்ஸுக்கு முன்னால் அதுதான் தலைநகர். மலைக்கோட்டைக்கு 999 படி என்பார்கள். நான் எண்ணவில்லை, கீழே துறைமுகத்தில் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் கையில் மணிமாலை உருண்டுகொண்டே இருந்தது. என்ன ஜபம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சிரித்தார். "ஜபம் இல்லை, நேரம்" என்றார். கொம்பொலோய் என்று பெயர், கை சும்மா இராமல் உருட்டுவதற்கு மட்டுமாம். அந்த ஊரில் அதற்கே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நான் ருத்ராட்சத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் மாலையை மாற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உருட்டினோம். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் செஃபலூ போகலாம் என்று மகன் சொல்கிறான். சைவத்துக்கு அங்கே என்ன கிடைக்கும்? அப்புறம், அந்தப் பாட்டியம்மாவின் பெயர் என்ன? போனால் விசாரிக்கலாமே.

மியூனிக்வாசி:

சார், பட்டினி கிடக்க மாட்டீர்கள். பனெல்லே என்று கடலை மாவில் தட்டிப் பொரித்தது, பலேர்மோவில் தெருவெல்லாம் கிடைக்கும். நம் பஜ்ஜிக்குச் சித்தப்பா. கப்போனாட்டா என்று கத்தரிக்காயில் புளிப்பும் இனிப்புமாக ஒன்று செய்வார்கள், அம்மா அதை "புளி போடாத கொத்சு" என்றார். அரஞ்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையில் மட்டும் கவனம்: 'அல் பூர்ரோ', அதாவது வெண்ணெய் போட்டது என்று பெயர் சொல்வார்கள், உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். கீரை வைத்தது கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதும் திருச்சிக்குப் போன் போட்டேன். அம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லையாம். ஏம்மா, ஏழு நாள் பேசினீங்களே என்றேன்.

"பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தாங்கடா. பேர் சொல்லிக் கூப்பிடற தூரத்துலயா இருந்தாங்க?" என்றார்.