வெள்ளக் களத் தரவை நிவாரணக் குழுக்களுக்கு எந்த வடிவில் கொடுப்பது?

அகலாங்கு:
தங்குமிடம், உடைந்த பாலம், நீர் நிற்கும் சாலை என்று தன்னார்வலர்கள் எடுத்த சுமார் 600 புள்ளிகள் இருக்கின்றன. ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாக அனுப்பினால் ஊர்ப்பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறதாம். சில புள்ளிகள் கடலில் விழுகின்றன. வீடுவாரியாக எடுத்த தேவைப் பட்டியலும் உண்டு, அதையும் சேர்த்து வெளியிடலாமா?

நிலக்குறி:
கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போதே எழுத்து போய்விட்டது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். புரியாத லத்தீன் எழுத்தாகத் தெரிந்திருந்தால் தரவு பத்திரம், எழுத்துமுறையைச் சொல்லும் சிபிஜி கோப்பு மட்டும் கூடப் போகவில்லை என்று பொருள். எப்படியும் தமிழுக்கு ஷேப்ஃபைல் வேண்டாம். அதில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் ஒரு தமிழ்க் குறிக்கே 3 பைட். ‘தங்குமிடம்’ என்று வைத்தால் ‘தங்’ என்று நின்றுவிடும்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அடுக்கை ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில், ஈபிஎஸ்ஜி 4326 என்ற அட்ச-தீர்க்க ஆயமுறையில் ஏற்றுமதி செய்யுங்கள். வரைபட மென்பொருள் இல்லாதவர்களுக்காக யூடிஎஃப்-8 சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) ஒன்றும் வையுங்கள்.

கடல் புள்ளிகளில் மூன்று வகை பார்க்கலாம். ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் குவிந்திருந்தால் ஆயத்தொலை காலியாக இருந்து 0,0 ஆகியிருக்கிறது. வெகுதூரம் தள்ளி விழுந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். முப்பது கிலோமீட்டர் அளவில் விலகினால் பாகை-நிமிடத்தைச் சந்தேகப்படுங்கள்: 10 பாகை 45 நிமிடம் என்பது 10.75, அதை 10.45 என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பல புள்ளிகள் நிலத்திலேயே விழுவதால் கண்ணில் படாது.

திசைமானி:
வடிவத்தைவிட நேரம் முக்கியம். ஒவ்வொரு வரியிலும் பார்த்த தேதி, மணி இரண்டும் வேண்டும். காலையில் திறந்திருந்த சாலை மாலையில் மூழ்கியிருக்கும். நிலைக்கான பத்தியைக் காலியாக விடாதீர்கள். ‘போகலாம்’, ‘போக முடியாது’, ‘பார்க்கவில்லை’ என்று மூன்றில் ஒன்று. காலியாக விட்டால் ‘சேதமில்லை’ என்று எடுத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஐநாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா வெளியிடும் நிர்வாக எல்லைகளில் பி-கோட் (ஒவ்வொரு இடத்துக்கும் உரிய தனிக் குறியீடு) இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் உள்ள நாட்டின் இரண்டு எழுத்தை வெட்டி எண்ணை மட்டும் வைத்தால் எக்செல் முன்னுள்ள சுழியங்களைத் தின்றுவிடும்.

கள்ளிவேலி:
வீடுவாரிப் பட்டியலைப் பொதுவில் போடவே கூடாது. பெயரை நீக்கினால் போதாது. ஐந்து தசம இடம் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம், வாசலையே காட்டிக்கொடுக்கும். தனியாக இருக்கும் பெண்கள், ஆளில்லாத வீடுகள் எல்லாம் அதில் தெரியும். ஊர் அளவில் கூட்டிய எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். ஊருக்கு ஓரிரு வீடுதான் என்றால் அடுத்த மேல்மட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். முழுப் பட்டியல், பொருள் கொண்டுபோகும் குழுவுக்கு மட்டும், கடவுச்சொல்லோடு.

அகலாங்கு:
நன்றி. புள்ளிகளை, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாமா?

நிலக்குறி:
நிலையாக இருக்கும் சாலை, பாலம், பள்ளிக் கட்டடம் ஏற்றலாம். இரண்டு நாளில் வடியும் நீரை ஏற்றாதீர்கள், அது உங்கள் சிஎஸ்வியில் இருக்கட்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பிடித்த புள்ளி ஏதாவது இருந்தால் அதையும் தவிருங்கள், உரிமம் ஒத்துவராது.