அம்மாவுக்கு இணையவழி மருத்துவம்: உங்கள் அனுபவம் என்ன?

அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய். ஒரு தனியார் மருத்துவமனையின் செயலியில் முன்பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஓடிபி அம்மாவின் கைப்பேசிக்குப் போகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மூன்று முறை! நோயாளியை நினைத்து யாராவது செயலி செய்கிறார்களா?

பதில் 1: அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியைப் பாருங்கள். கட்டணம் இல்லை. மருந்துச்சீட்டு கைப்பேசிக்கே வந்துவிடும்.

பதில் 2: 14 இலக்க ஆபா எண் (அரசின் மின்னணு சுகாதார அடையாள எண்) இருந்தால், பல அரசு மருத்துவமனைகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தே புறநோயாளி டோக்கன் வாங்கலாம். எங்கள் ஊரில் அதைச் சிக்னலே கிடைக்காத மூலையில் ஒட்டியிருக்கிறார்கள், என்ன சொல்ல!

கேட்டவர்: நன்றி. நேற்று இ-சஞ்சீவனியில் பேசினோம். மருத்துவர், "காலைக் காட்டுங்கள் அம்மா" என்றார். அம்மா பாதத்தையே கேமராவுக்கு நேராகத் தூக்கிவிட்டார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.