குவாங்சோவில் உள்ளூர் உணவுக்கு எங்கே செல்வது?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். பொம்மை, எழுதுபொருள் மொத்த வணிகம் செய்யும் நான், சீனாவின் பெரிய வணிகக் கண்காட்சியான கேன்டன் கண்காட்சியின் மூன்றாம் கட்டத்துக்காக மே 1 முதல் 5 வரை குவாங்சோவில் இருப்பேன். சென்ற முறை ஐந்து நாள்களும் இந்திய உணவகத்திலேயே உண்டுவிட்டுத் திரும்பியது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அவ்வூர் மக்கள் உண்பதை, அவர்கள் உண்ணும் இடத்திலேயே உண்ண விரும்புகிறேன். உடன் வரும் கூட்டாளி முட்டையும் உண்ணாத சைவர். எங்கே செல்லலாம்?

மறுமொழி 1:
பழைய நகரின் லீவான் பகுதிக்குச் செல்லுங்கள். உள்ளூரார் அதைச் சீகுவான் என்பார்கள். கண்காட்சி நடக்கும் பஜோவிலிருந்து எட்டாம் எண் மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் ஹுவாலின் கோயில் நிலையத்தில் இறங்கலாம். போதிதர்மர் கரையேறிய இடம் என்று மரபாகச் சொல்லப்படுவது அக்கோயில் இருக்கும் பகுதியே.

ஆனால் மாலையில் போகாதீர்கள், காலையில் போங்கள். குவாங்சோவின் உயிர் காலைத் தேநீரில்தான் இருக்கிறது. 1880இல் தொடங்கிய தாவ் தாவ் ஜூ தேநீரகம், 1935இல் தொடங்கிய குவாங்சோ உணவகம் ஆகிய இரண்டும் அங்கே நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. உட்கார்ந்ததும் முதலில் எந்தத் தேயிலை என்றுதான் கேட்பார்கள்; அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு என்பதால் பட்டியலில் அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பிறகு மூங்கில் கூடைகளில் இறால் கொழுக்கட்டை, பன்றி இறைச்சி வைத்த பன், கோழிக்கால் என ஆவியில் வெந்த சிறு பண்டங்கள் ஒவ்வொன்றாக வரும். யாரேனும் உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால், இரு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுவதே நன்றி. கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் நிரப்புவார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு ஒரு திருத்தம். மே 1 சீனாவில் தொழிலாளர் நாள் விடுமுறை. அந்த நாள்களில் புகழ்பெற்ற தேநீரகங்களின் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். ஆகவே ஏழு மணிக்கே சென்றுவிடுங்கள், அல்லது சீகுவானின் சந்துகளில் இருக்கும் சிறு கடைகளை நாடுங்கள். என் மனம் அக்கடைகளிடம்தான். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, நொடிப்பொழுது ஆவியில் வேகவைத்து, வழித்துச் சுருட்டி, சோயாச் சாறு ஊற்றித் தருவார்கள். அதன் பெயர் சியோங் ஃபன். இடியாப்பமும் இலைக் கொழுக்கட்டையும் உண்டு வளர்ந்த நாவுக்கு அந்த மாவின் மணம் அந்நியமாக இருக்காது.

மறுமொழி 3:
சைவ நண்பருக்காக இதை எழுதுகிறேன். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சித் துண்டு இல்லாத கீரைப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கக்கூடும், கஞ்சியும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் வெந்ததாக இருக்கும். எனவே இவை எல்லாவற்றையும் குறிப்பிட்டுச் சீன எழுத்தில் ஒரு தாள் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சியோங் ஃபன்னில் உள்ளே எதுவும் வைக்காத வகையும், பொரித்த மாவுத் தண்டைச் சுற்றிய வகையும் பெரும்பாலும் அவருக்கு ஏற்றவை. தாளைக் காட்டி, மேலே ஊற்றும் சாற்றையும் கேட்டுக்கொள்ளட்டும். எருமைப்பாலில் செய்யும் "இரட்டை ஆடைப் பால்" பார்க்கத் தூய பாலாக இருந்தாலும் அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. அதை நீங்கள் மட்டும் உண்ணுங்கள்.